துயரத்தில் கிடப்பவருக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? பழைய திருப்புதலும் திருவிவிலியமும்

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வேதாகமமும் வாங்கிப்போகிற வழக்கம் நம் சபைகளில் உண்டு. கடையில் போய் நின்றால் ஜிப் வைத்ததா, அட்டை என்ன நிறம், விலை எவ்வளவு என்று கேட்போம். உள்ளே எந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. நல்ல நாளில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் மாதக்கணக்காக ஜெபித்தும் பதில் வராமல், கடவுள் எங்கோ தூரத்தில் நிற்கிறார் என்று தோன்றும் ஒருவர் கையில் அந்தப் புத்தகம் போகும்போது, அச்சடித்திருக்கிற ஒவ்வொரு சொல்லும் கணக்கில் வருகிறது. எழுத்தின் அளவும் கணக்கில் வருகிறது.

அதனால் இந்த மதிப்புரையில் முழு வேதாகமத்தையும் எடைபோடவில்லை. முறையிடும் பகுதிகளை மட்டும் பார்க்கிறேன்: சங்கீதம் 10, 13, 22, 42, 43, 77, 88, யோபு, புலம்பல். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். எடுத்துக்கொண்ட பதிப்புகள் இரண்டு. ஒன்று, 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பாக வந்து, இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படுகிற பழைய திருப்புதல், கடையில் 'ஓ.வி.' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மற்றது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்.

முதலில் பழைய திருப்புதல். இதன் பலம் வாய்க்குள் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" இதைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'எதுவரைக்கும்' என்ற சொல் 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை வருகிறது. மூச்சு வாங்குகிறவர்கூட அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடலாம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்குக் கண் மங்கினாலும், மருந்து மயக்கத்தில் கிடந்தாலும், முதல் இரண்டு சொல்லை நாம் எடுத்துக் கொடுத்தால் மீதி தானாக வரும். புதிய மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

ஆனால் நூற்றைம்பது வருடத்துத் தமிழில் சில இடறல்கள் இருக்கின்றன. பெரிய இடறல் 22ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தில்: "என் தேவனே, நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவு கொடீர்." இன்றைய காதுக்கு 'உத்தரவு' என்றால் கலெக்டர் போடும் ஆணை. 'கொடீர்' என்றால் 'கொடுங்கள்' என்பதுபோல் கேட்கும். இரண்டும் தவறு. அங்கே உத்தரவு என்பது பதில். 'கொடீர்' எதிர்மறை வினை, 'நீர் கொடுப்பதில்லை' என்று பொருள். "பகலெல்லாம் கூப்பிடுகிறேன், நீர் பதிலே சொல்வதில்லை" என்ற குற்றச்சாட்டு அது. இதைத் தெரியாமல் படித்தால் குற்றச்சாட்டு ஒரு பணிவான விண்ணப்பமாக மாறிவிடுகிறது. கடவுளிடம் குறை சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு மிகவும் தேவைப்பட்ட அனுமதி இங்கேதான் தொலைந்துபோகிறது. ஓ.வி. வாங்கித் தருகிறவர்கள் அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பதில் தருவதில்லை' என்று எழுதிக் கொடுத்தால் போதும். 42:5இல் 'தியங்குகிறாய்' என்பதற்கு 'கலங்கிச் சோர்ந்துபோகிறாய்', யோபு 13:15இல் 'ரூபகாரப்படுத்துவேன்' என்பதற்கு 'வாதாடி மெய்ப்பிப்பேன்' என்று எழுதலாம்.

அந்த யோபு வசனத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்ற வரியைச் சுவரில் மாட்டாத கிறிஸ்தவ வீடு குறைவு. எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் 'லோ' என்ற ஒலி இருக்கிறது. எழுதியிருக்கும் எழுத்துப்படி அது 'இல்லை'. வாசிக்கச் சொல்லும் ஓரக்குறிப்பின்படி 'அவருக்காக, அவர்மேல்'. ஓ.வி. ஓரக்குறிப்பின் பக்கம் போயிருக்கிறது. எழுத்தின் பக்கம் போனால் "கொல்லட்டும், எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை, ஆனாலும் அவர் முகத்துக்கு முன்னால் என் வழக்கைச் சொல்லியே தீருவேன்" என்று வரும். எந்தப் பக்கம் போனாலும் வசனத்தின் பின்பாதி மாறாது. யோபு எழுந்து வெளியே போகவில்லை. அதே கடவுளின் முன்னால் நின்று வாதாடுகிறான். சுவர் அட்டைகளில் அந்தப் பின்பாதியை வெட்டிவிடுகிறார்கள். அதனால் அமைதியாகத் தலையாட்டும் ஒரு யோபுதான் நமக்குக் கிடைக்கிறான். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்தவனும் அவன்தான் என்பது அட்டையைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இனி திருவிவிலியம். நேராகச் சொல்வதில் இது முன்னே நிற்கிறது. 13ஆம் திருப்பாடலின் (சங்கீதத்துக்கு இதில் அந்தப் பெயர்) முதல் வசனத்தில் மூலத்தில் 'என்றென்றைக்குமா?' என்று ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓ.வி.யில் அது விழுந்துபோயிற்று. திருவிவிலியத்தில் 'இறுதிவரை மறந்துவிடுவீரோ?' என்று இருக்கிறது. எதுவரைக்கும் என்று கேட்கிறவர் ஒரு முடிவு இருக்கும் என்று இன்னும் எண்ணுகிறார். முடிவே இல்லையோ என்று பயப்படுகிறவர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார். நாள்பட்ட வலியில் கிடப்பவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் ராத்திரி 2 மணிக்கு வருவது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் 88இல். எஸ்ராகியனாகிய ஏமான் பெயரில் இருக்கும் இந்தச் சங்கீதத்தில் 18 வசனங்கள். மற்ற முறையீடுகளில் கடைசியில் ஒரு திருப்பம் வரும், இதில் வராது. மூலத்தில் கடைசிச் சொல்லே 'இருள்'. ஓ.வி. அதை "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிக்கிறது. இருள் 'மறைந்து' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. திருவிவிலியத்தில் இருளே நெருங்கிய நண்பன் என்று முடிகிறது. கடுமையான வரிதான். ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு, தன் நிலையை அப்படியே சொல்கிற ஒரு வரி வேதத்துக்குள்ளேயே அச்சாகி இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். அந்த வரியை எடுத்துவிடாமல் வைத்திருக்கிற வேதத்தை நம்பலாம் என்று தோன்றும். 88ஐக் கொடுக்கும்போது முதல் வசனத்தையும் 13ஆம் வசனத்தையும் கவனிக்கச் சொல்ல வேண்டும்: "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்", "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்." பதில் வராத மனிதர் மறுநாள் காலையும் அதே கதவைத் தட்டுகிறார். இந்தச் சங்கீதத்தில் விசுவாசம் இருக்கும் இடம் அது ஒன்றுதான், அது போதுமானது.

இன்னொரு சொல்: எபிரெயத்தில் 'ஹெசெத்'. கொடுத்த வாக்கை விடாத அன்பு என்று விரித்துச் சொல்லலாம். ஓ.வி. பெரும்பாலும் 'கிருபை' என்கிறது, திருவிவிலியம் 'பேரன்பு' என்கிறது. சபைத் தமிழில் கிருபை என்றால் தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் இலவசம் என்று பழகிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிருபைக்கு அது சரி. "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று 13:5இல் சொல்பவர் கேட்பது, "நீர் வாக்குக் கொடுத்திருக்கிறீர், அதன்மேல் நிற்கிறேன்" என்கிற உரிமை. இந்த இடத்தில் 'பேரன்பு'கூடப் பாதிதான் சொல்கிறது. ஆனாலும் கிட்ட வருகிறது.

பக்க அமைப்பிலும் திருவிவிலியத்துக்குத்தான் என் ஓட்டு. கவிதையைக் கவிதையாக வரி வரியாக அடித்திருக்கிறார்கள். ஓ.வி.யில் ஒவ்வொரு வசனமும் ஒரு பத்தி; கதையும் பாட்டும் ஒரே முகத்தோடு இருக்கும். யோபு புத்தகத்தில் இது ஆபத்தாகவே முடிகிறது. பேசுகிறவர் மாறும்போது அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு வரி வரும், மேற்கோள் குறி கிடையாது. நடுவில் திறந்தால் பேசுவது யோபுவா, அவன் நண்பர்களான எலிப்பாசா, பில்தாத்தா என்று தெரியாது. திருவிவிலியத்தில் தலைப்புகள் இருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு.

குழப்பத்தால் என்ன வரும் என்று கேட்டால், ஆறுதல் வசனங்களை அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருக்கும் வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற அட்டை, தினக்காலண்டர், கார் கண்ணாடி எங்கும் இருக்கும் வசனம் யோபு 8:7: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." பேசுபவன் பில்தாத். மூன்று வசனம் முன்னால், 8:4இல், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனைப் பார்த்து உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான தண்டனைதான் கிடைத்தது என்ற கருத்தைச் சொன்னவனும் அவனே. 22:28இல் "நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்" என்பது எலிப்பாஸ் பேச்சு. அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தில் அவன் யோபுவின் பொல்லாப்பு பெரியது என்று பழி சுமத்துகிறான். புத்தகத்தின் கடைசியில், 42:7இல், கர்த்தர் எலிப்பாசைப் பார்த்துத் தமக்குக் கோபம் மூள்கிறது என்கிறார். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கடவுள் தள்ளிவிட்ட பேச்சை அட்டையாக்கி, யோபுவைப் போலக் கிடக்கிற மனிதரின் தலையணைக்குக் கீழே வைக்கிறோம். காரியம் நிலைவரப்படாதபோது அந்த மனிதர் தன் விசுவாசத்தையே சந்தேகிப்பார்.

எரேமியா 29:11 அட்டையும் அப்படித்தான் பாதி உண்மை. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்கு பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தைய வசனத்தில் 70 வருடம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. கடிதம் வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போகவே இல்லை. அந்த 70ஐயும் சேர்த்துக் கொடுத்தால் நீண்ட வியாதிக்காரருக்கு அது உண்மையாகவே உதவும். ஆகவே, துயரத்தில் இருப்பவருக்கு வாக்குத்தத்தப் பெட்டி வாங்கவே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், எடுத்த அட்டையின் வசனத்தை வேதாகமத்தில் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிக்கலாம்.

படுக்கையோரம் வாசிப்பவர்கள் பெரும்பாலும் சங்கீதம் 23ஐயும் 91ஐயும் எடுப்பார்கள். 23இல் குறையில்லை, அதில் மரண இருளின் பள்ளத்தாக்கும் இருக்கிறது. 91ஐ எடுக்கும்போது கவனம் தேவை. "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று வாதை அணுகிவிட்ட வீட்டில் வாசித்தால் கேட்பவர் மனதில் என்ன ஓடும்? மத்தேயு 4இல் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி எடுத்துச் சொன்ன வசனமும் இந்தச் சங்கீதத்தில்தான் இருக்கிறது. 91ஐ எடுத்தால் 15ஆம் வசனம் வரை போக வேண்டும். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று அங்கே இருக்கிறது. ஆபத்து வரும் என்பதை அந்த வரி ஒப்புக்கொள்கிறது.

முதல் முறை வாசிக்க 13ஐப் பரிந்துரைக்கிறேன். ஆறே வசனம், நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம். 1, 2 குற்றச்சாட்டு. 3, 4 வேண்டுதல். 5, 6 நம்பிக்கை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் சூழ்நிலை எதுவும் மாறவில்லை. வாசிப்பவர் செய்யும் பெரிய தவறு, முதல் நான்கை வேகமாகக் கடந்து ஐந்தாவதில் குரலை உயர்த்துவது. முதல் இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு நிறுத்துங்கள். நோயாளி அழுதால் அழட்டும். அன்றைக்கு அதற்குமேல் போக முடியவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடலாம், ஐந்தாம் வசனம் நாளைக்கும் அங்கேயே இருக்கும். 22ஐ எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். இயேசு சிலுவையில் "ஏலீ, ஏலீ" என்று கூப்பிட்டது இதன் முதல் வரி. "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலுமிருந்து" என்ற பதில் 24ஆம் வசனத்தில்தான் வருகிறது. நடுவில் இருக்கிற எலும்பும் தாகமும் நாய்களும் அவ்வளவு தூரத்துக்கு இருக்கின்றன. தாண்டிக் குதித்து 24க்குப் போகிறவர் நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்.

புலம்பலில் 3:22, 23 மட்டும் எல்லாருக்கும் தெரியும்: இரக்கங்கள் காலைதோறும் புதியவை. எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்து எரிந்தபின் எழுந்த பாட்டு அது. அதே அதிகாரத்தில் 8ஆம் வசனம் "என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்கிறது. 44ஆம் வசனத்தில் ஜெபம் உள்ளே போகாதபடி மேகத்தால் மூடிக்கொண்டீர் என்று இருக்கிறது. இந்த மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். யோபு 23:8 முதல் 10 வரையிலும் இதே நிலைதான்: முன்னால் போனாலும் அவர் இல்லை, பின்னால் போனாலும் காணேன், "ஆனாலும் நான் போகும் வழியை அவர் அறிவார்." நான் அவரைக் காணேன், அவர் என்னை அறிவார். கடவுள் தூரமாகத் தோன்றும் நாட்களுக்கு இதைவிட நேர்மையான வாக்கியம் வேதத்தில் எனக்குத் தெரியவில்லை. சங்கீதம் 77:19ஐ அதன் பக்கத்தில் வைக்கலாம்: கடலில் வழி இருந்தது, காலடிகள்தான் தெரியவில்லை.

இனி புத்தகத்தின் உடம்பு. கையடக்கப் பதிப்பு வேண்டாம். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். பொடி எழுத்தில் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். பெரிய எழுத்துப் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கனம். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி ஏறியிருப்பவரால் தூக்கிப் பிடிக்க முடியாது. ஜிப் உறை வைத்ததைத் தவிருங்கள். திறக்க இரண்டு கை வேண்டும், திறந்தபின் ஜிப்பின் விளிம்பு கையைக் கீறும். கடையிலேயே 88ஆம் சங்கீதத்தைத் திறந்து மேஜையில் வைத்துக் கையை எடுங்கள். பக்கம் தானாக மூடினால் தையலும் பசையும் இறுக்கம். சங்கீதம் ஏறக்குறைய புத்தகத்தின் நடுவில் வருவதால் நல்ல தையல் இருந்தால் அங்கே தட்டையாகப் படுக்கும். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காமல் சும்மா பாருங்கள். பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்தால் வார்டு விளக்கில் படிக்க முடியாது. 'புதிய ஏற்பாடும் சங்கீதமும் நீதிமொழிகளும்' என்று வரும் சிறு தொகுப்புகள் எடைக்கு நல்லவை. அவற்றில் யோபுவும் புலம்பலும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

திருவிவிலியம் வாங்கும்போது 66 நூல்கள் கொண்டதா, இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்த 73 கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள். கத்தோலிக்கர் என்றால் 73தான். சீராக்கின் ஞானம் 2ஆம் அதிகாரம் சோதனைக்கு ஆயத்தமாகச் சொல்வது, இந்த நேரத்துக்கு ஏற்ற பகுதி.

ஒலி வேதாகமத்தைப் பொறுத்தவரை, பின்னணி இசை சேர்த்து நாடகம்போல் வாசித்ததை முறையீட்டுச் சங்கீதங்களுக்கு எடுக்காதீர்கள். வெறும் குரல் போதும், வேகத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். தானாக அடுத்த அதிகாரத்துக்கு ஓடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 88 முடிந்த அடுத்த நொடியில் 89இன் துதி தொடங்கினால் அந்த மௌனம் கெட்டுப்போகும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வாங்குபவருக்குப் பிடித்ததை வாங்காமல் படுத்திருப்பவரின் காதில் ஏற்கெனவே இருப்பதை வாங்குங்கள். சிறுவயதில் 'கர்த்தர்' என்று பழகியவருக்கு ஓ.வி.; மேலே சொன்ன பென்சில் குறிப்புகளோடு. பூசையில் 'ஆண்டவர்' என்று கேட்டு வளர்ந்தவருக்குத் திருவிவிலியம். வேதமே புதிது என்பவருக்கும் திருவிவிலியம்தான். இரண்டும் வாங்க முடிந்தால், வாசித்துக் கேட்க ஓ.வி., புரிந்துகொள்ளத் திருவிவிலியம்.

எதையும் தூக்கிப் பிடிக்க முடியாத நிலை என்றால், ஒரு ஏ4 தாளில் 13ஆம் சங்கீதத்தை நீங்களே கையால் எழுதுங்கள். ஆறு வசனமும் கொட்டை எழுத்தில் ஒரே பக்கத்தில் அடங்கும். பால்பாயின்ட் வேண்டாம், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. வசனங்களுக்கு நடுவே ஒரு விரல் இடம் விட்டு, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். கட்டிலின் கால்பக்கத்தில், கண் தானாகப் போகும் உயரத்தில், டேப் போட்டு ஒட்டுங்கள்.